குடற்சுவர் நுண்ணுயிர் ஆராய்ச்சி: எடுக்கும் முறையும் ஏற்கும் முடிவும்

குடலில் வாழும் நுண்ணுயிர்களைப் பற்றித் தமிழ் ஏடுகளில் வெளிவரும் கட்டுரைகள் இப்போது பெருகிவிட்டன. உடற்பருமன், மனச்சோர்வு, தோல்நோய், பிள்ளைகளின் மெலிவு ஆகிய எல்லாவற்றுக்கும் வேர் குடலிலேதான் இருக்கிறது என்று அவை உறுதியாகக் கூறுகின்றன. அவற்றைப் படிக்கும் ஆசிரியர் எழுப்ப வேண்டிய முதற் கேள்வியை அக்கட்டுரைகளில் பெரும்பாலானவை எழுப்புவதே இல்லை. குடலில் இன்ன நுண்ணுயிர் மிகுந்துள்ளது, இன்னது குறைந்துள்ளது என்கிறார்களே, அதைக் குடலின் எவ்விடத்திலிருந்து, எக்கருவியால், எந்நிலையில் எடுத்துக் கண்டார்கள் என்பதே அக்கேள்வி. விடை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். குடலுக்குள் எவரும் செல்லவில்லை. மலத்தை எடுத்துப் பார்த்தார்கள்.

மலத்தை ஆராய்வது இழிவான செயலன்று. வலியில்லாமல், செலவு மிகாமல், பல்லாயிரம் பேரிடம் பெறக்கூடிய பொருள் அது ஒன்றே. நான் குறை கூறுவது அதை ஆராய்வதையன்று. அதைக் குடலென்றே பெயரிட்டு எழுதுவதை. குடல் ஒரு வெறுங்குழாய் அன்று. அதன் நடுவே உணவும் நீரும் செல்லும் உள்வெளி உண்டு. அதைச் சூழ்ந்து உயிருள்ள சுவர் உண்டு. இரண்டுக்கும் இடையே சீதம் என்னும் வழுவழுப்பான படலம் உண்டு. சீதபேதி என்ற சொல்லில் நாம் நெடுங்காலமாக அறிந்துள்ள சீதம் அதுவே. பெருங்குடலில் இச்சீதம் இரண்டு அடுக்காக அமைந்துள்ளதென்றும், சுவரையொட்டிய உள்ளடுக்கில் நுண்ணுயிர்கள் ஏறக்குறைய இல்லையென்றும், வெளியடுக்கிலேயே அவை குடியிருக்கின்றன என்றும் ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2008ஆம் ஆண்டில் எலிகளிடம் காட்டினர். உள்வெளியில் மிதந்து செல்வன ஒரு கூட்டம். சீதத்தில் தங்கிச் சுவரோடு உறவாடுவன மற்றொரு கூட்டம். நம் உடலின் காவற்படையோடு நேருக்குநேர் நிற்பவை பின்னவையே.

பேராக் மாநிலத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குதல் எளிது. மங்கில் விழும் பால் மரத்திலிருந்து வந்ததுதான். ஆயினும் வெட்டுப் பட்டையில் பூசணம் பற்றியிருக்கிறதா என்று அறிய விரும்பும் கங்காணி மங்கை எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த நிரைக்குப் போய்விடுவதில்லை. மரத்தருகே குனிந்து பட்டையைத்தான் பார்ப்பார். தமிழாசிரியர்களுக்கு வேறோர் எடுத்துக்காட்டும் கூறலாம். தகடூர் யாத்திரை என்னும் நூல் முழுதாக நமக்குக் கிடைக்கவில்லை. புறத்திரட்டிலும் உரைகளிலும் எஞ்சிய பாடல்களைக் கொண்டே அதை அறிகிறோம். அப்பாடல்கள் மெய்யானவை. எனினும் அவற்றைத் தொகுத்தோரும் எடுத்தாண்டோரும் தம் தேவைக்கேற்பத் தெரிந்தெடுத்தவை. கிடைத்த பகுதியையே முழு நூலென்று கொண்டு திறனாய்வு எழுதும் புலவரை நாம் ஒப்புக்கொள்வோமா?

குடற்சுவரை நேரே தொட்டெடுக்கும் முயற்சி ஐம்பதுகளிலேயே தொடங்கிவிட்டது. 1956இல் இலண்டனில் மார்கட் ஷைனர் என்னும் மருத்துவ அம்மையார் வாய்வழியே செலுத்தும் குழாய் ஒன்றால் சிறுகுடலின் உட்சவ்வைச் சிறிது வெட்டியெடுக்கும் முறையை வெளியிட்டார். அடுத்த ஆண்டில் அமெரிக்க இராணுவ மருத்துவர் வில்லியம் கிராஸ்பி, ஹைன்ஸ் குக்லர் என்பவரோடு சேர்ந்து, விழுங்கத்தக்க சிறிய உலோக உறையை அமைத்தார். உறையின் பக்கத்தில் ஒரு துளை. உள்ளே வில்லால் இயங்கும் சிறு கத்தி. பின்னே மெல்லிய நீண்ட குழாய். நோயாளி வெறும் வயிற்றில் அதை விழுங்குவார். உறை சிறுகுடலை அடைந்ததை ஊடுகதிர்ப் படத்தால் உறுதி செய்துகொண்டு, குழாயின் மறுமுனையில் காற்றை உறிஞ்சுவர். உட்சவ்வு துளைக்குள் இழுபட்டதும் கத்தி பாய்ந்து அதை வெட்டும். பின்னர் குழாயைப் பற்றி உறையை வாய்வழியே வெளியே இழுப்பர்.

இக்கருவியை நம்மவரிடையே பெரும் பயன் விளையுமாறு கையாண்ட இடம் வேலூர். அங்குள்ள கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கரும் வி. ஐ. மாத்தனும் அவர்களைச் சேர்ந்தோரும் ஸ்ப்ரூ என்னும் நோயை ஆராய்ந்தனர். நீங்காத கழிச்சல், உண்டது உடலில் ஒட்டாமை, மெலிவு, சோகை ஆகியவை அந்நோயின் குறிகள். அறுபதுகளில் அது தென்னிந்தியக் கிராமங்களில் கொள்ளைநோய் போலவே பரவியிருந்தது. சித்த மருத்துவம் கிராணி என்று கூறும் நோய் இதற்கு நெருங்கியதாகலாம். (நம் தோட்டங்களில் கிராணி என்றால் அலுவலகத்தில் கணக்கெழுதுபவர், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டா.)

வேலூர் ஆராய்ச்சியின் சிறப்பு நோயாளியிடம் கண்டதில் மட்டும் இல்லை. நோயற்றவரையும் உடன் நிறுத்தி ஒப்பிட்டதில் இருக்கிறது. மேல்நாட்டு நூல்களில் சிறுகுடலின் உறிஞ்சிகள் விரல்போல் நீண்டு நிற்கும் என்று எழுதியிருந்தது. வேலூர்ப் பகுதியில் நலமாக நடமாடியவர்களிடமோ அவை பலவிடத்தில் இலைபோல் தட்டையாக இருந்தன. உட்சவ்வை மட்டும் பார்த்து, மேல்நாட்டு அளவுகோலால் அளந்திருந்தால் ஊரார் அனைவரையும் நோயாளி என்று எழுதிவிட நேர்ந்திருக்கும். இது பிறப்பிலேயே அமைந்த இனவேறுபாடோ என்ற ஐயத்துக்கும் அவர்கள் விடை தேடினர். இறந்தோர் உடல்களை ஆராய்ந்து 1969இல் வெளியிட்ட கட்டுரையில், கருவிலும் பிறந்த அண்மையிலும் உறிஞ்சிகள் விரல்வடிவாகவே இருப்பதும், வளர வளர வடிவம் மாறுவதும் காட்டப்பட்டன. மாற்றத்துக்குக் காரணம் குருதியன்று, சூழல் என்பது இதனால் பெறப்படும்.

வேறு திசையிலிருந்தும் இதற்குச் சான்று வந்தது. அன்றைய பாகிஸ்தானில் பணியாற்றிய அமெரிக்க அமைதிப் படைத் தொண்டர்களின் குடலிலும் இதையொத்த மாற்றங்கள் தோன்றியதை 1966இல் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டனர்; தாயகம் திரும்பியபின் அவை அகன்றதும் பின்னர் காட்டப்பட்டது. 1962 முதல் மலாயாப் பள்ளிகளிலும் அத்தொண்டர்கள் பணியாற்றியதை மூத்த ஆசிரியர்கள் நினைவுகூர்வர். அதே 1966இல் நமக்கு இன்னும் அருகிலிருந்து, சிங்கப்பூரிலிருந்து, பிரித்தானியப் படைவீரரிடையே தோன்றிய ஸ்ப்ரூ நோயில் குடலின் உட்சவ்வு எவ்வாறு தோன்றுகிறது என்ற ஆய்வும் வெளியாயிற்று. ஆக, இம்மண்ணும் இந்த ஆராய்ச்சி வரலாற்றுக்குப் புறம்பானது அன்று.

உட்சவ்வின் வடிவத்திலிருந்து அதில் வாழும் நுண்ணுயிர்களுக்கு வருவோம். 1972இல் வேலூர்க் குழுவினர், ஸ்ப்ரூ நோயாளிகளின் நுண்ணுயிர்களையும் நோயற்ற தென்னிந்தியரின் நுண்ணுயிர்களையும் ஒப்பிட்டுக் கட்டுரை வெளியிட்டனர். நோயற்றவரின் சிறுகுடலிலும் மேல்நாட்டாரிடம் காண்பதைவிட மிகுதியான நுண்ணுயிர்கள் இருந்தன. நோயாளியிடம் மட்டும் பார்த்திருந்தால், கண்ட நுண்ணுயிரையெல்லாம் குற்றவாளி என்று கூண்டில் ஏற்றியிருப்பர். 1980இல் அவர்கள் இன்னும் நுட்பமான ஒன்றைச் செய்தனர். சிறுகுடலின் நடுப்பகுதியிலிருந்து உறிஞ்சிய நீரையும் அதே பகுதியின் சுவரிலிருந்து வெட்டிய உட்சவ்வையும் அருகருகே வைத்து, இரண்டிலும் வளரும் நுண்ணுயிர்களை ஒப்பிட்டனர். முடிவு எதுவாயினும், கேள்வியை அவ்வாறு அமைத்ததே பாராட்டத்தக்கது. நீரைச் சொல்லும்போது நீரென்றும் சுவரைச் சொல்லும்போது சுவரென்றும் எழுதும் ஒழுங்கு அதில் உண்டு.

குறை இல்லையோ எனின், உண்டு. அது அவர்களுடைய குறையன்று, முறையின் குறை. வாய்வழியே செல்லும் எக்கருவியும் எச்சிலையும் அதன் நுண்ணுயிர்களையும் சுமந்துகொண்டே உள்ளே செல்லும். உட்சவ்வுத் துணுக்கைச் சுற்றிக் குடல்நீர் ஒட்டியிருக்கும். அதைக் கழுவாவிட்டால் நீரில் மிதந்தவை சுவரில் வாழ்ந்தவையாக எண்ணப்படும். மிகக் கழுவினாலோ சீதத்தோடு அதில் குடியிருந்தவையும் போய்விடும். காற்றுப் பட்டால் மடியும் நுண்ணுயிர்கள் பலவாகையால், எடுத்த துணுக்கு சோதனைத் தட்டை அடையும் முன்பே அவை இறந்துவிடும். தட்டில் வளர்வதை மட்டும் எண்ணும் முறையில், வளராதது இல்லாததாகவே தோன்றும்.

இவ்வளவு தொல்லைப்பட்டு ஏன் சுவரருகே செல்ல வேண்டும் என்று கேட்பவருக்கு வேலூரிலிருந்தே ஒரு விடை உண்டு. பி12 என்னும் உயிர்ச்சத்து புலால், முட்டை, பால் ஆகியவற்றிலிருந்து கிடைப்பது. அவற்றைச் சிறிதே உண்ணும் தென்னிந்தியர் பலர் எதிர்பார்த்த அளவுக்குச் சோகைநோய்க்கு ஆளாகவில்லை. ஆல்பர்ட், மாத்தன், பேக்கர் மூவரும் 1980இல் ‘நேச்சர்’ இதழில் எழுதிய சிறு கட்டுரையில், சிறுகுடலில் வாழும் கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ் ஆகிய இரு வகை நுண்ணுயிர்கள் பி12ஐ ஆக்கவல்லன என்று காட்டினர். பெருங்குடலிலும் நுண்ணுயிர்கள் பி12ஐ ஆக்குகின்றன. ஆனால் உடல் அதை உறிஞ்சும் இடமோ சிறுகுடலின் கடைப்பகுதி. அதற்குக் கீழே உண்டாவது, ஆற்றின் கடைமடைக்கு அப்பால் பெய்த மழைபோல் வயலுக்குப் பயன்படாது. மலத்தை எவ்வளவு ஆராய்ந்தாலும், அதிலுள்ள பி12 எவ்விடத்தில் உண்டாயிற்று என்பதைச் சொல்லாது. இதைப் படித்துவிட்டு, சைவ உணவினருக்கு பி12 குறையவே குறையாது என்று எழுதுவோரும் உளர். அக்கட்டுரை கூறியது அவ்வகை நுண்ணுயிர்களுக்கு அவ்வாற்றல் உண்டு என்பதே. ஒவ்வொருவருக்கும் போதிய அளவு கிடைக்கிறது என்பதன்று.

இன்று கிராஸ்பியின் உறைக்குப் பதில் உள்நோக்குக் குழாய் வந்துவிட்டது. மருத்துவர் திரையில் குடலைப் பார்த்துக்கொண்டே சிறு இடுக்கியால் சில மில்லிமீட்டர் அளவுள்ள துணுக்கைக் கிள்ளுகிறார்; அல்லது உறையிட்ட மெல்லிய தூரிகையை நீட்டிச் சுவரைத் துடைத்து மீண்டும் உறைக்குள் இழுத்துக்கொள்கிறார். தூரிகை வழியில் கண்டதையெல்லாம் சுமந்து வாராது. புண் ஏற்படுத்துவதும் குறைவு. கிள்ளிய துணுக்கில் வேறொரு தொல்லை உண்டு. அதிலுள்ள மரபுப்பொருளில் மிகப் பெரும்பகுதி மனிதனுடையதே. நுண்ணுயிரின் பங்கு மிகச் சிறிது. நெல் மூட்டைக்குள் கடுகைத் தேடுவது போலத் தேட வேண்டும். இவ்வாறு பொருள் அருகும்போது, சோதனைக்குப் பயன்படும் மருந்துநீர்களில் முன்பே கலந்திருக்கும் நுண்ணுயிர்களின் மரபுப்பொருளே முடிவில் தலைகாட்டிவிடும் என்பதை 2014இல் இங்கிலாந்து ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக்காட்டினர். வெறும் நீரை வைத்து அதே சோதனையைச் செய்து ஒப்பிடாத ஆராய்ச்சியை ஐயத்தோடு படிப்பதே முறை.

பெருங்குடலை நோக்குவதற்கு முன் கடும் பேதிமருந்து கொடுத்துக் குடலைக் கழுவுகிறார்கள். மருத்துவர் தெளிவாகப் பார்க்க அது வேண்டும். நுண்ணுயிரை அறிய விரும்புவோருக்கோ வீட்டைக் கழுவிவிட்டுக் குடியிருந்தோரைக் கணக்கெடுப்பது போலாகிறது. துணுக்கைக் காத்துவைக்கும் மருந்திலும் நுட்பம் உண்டு. வழக்கமான ஃபார்மலின் நீரில் கரைந்தது. அதில் இட்டால் சீதம் சுருங்கி அழியும். சாராயம், குளோரோஃபார்ம், அசெட்டிக் அமிலம் சேர்ந்த கார்னாய்க் கலவையில் நீர் இல்லாததால் சீதம் நிற்கும். சுவரோடு நுண்ணுயிர் ஒட்டியுள்ளது என்று காட்டும் படத்தைக் கண்டால், எதில் ஊறவைத்தார்கள் என்று பார்த்த பின்பே நம்புதல் தகும்.

இத்தனை இடர்ப்பாடுகளுக்கிடையிலும் சில உண்மைகள் நிலைநாட்டப்பட்டுள்ளன. 2002இல் நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் பத்துப் பேரின் பெருங்குடற் சுவரைப் பல இடங்களில் கிள்ளிப் பார்த்தனர். ஒருவருடைய சுவரில் நெடுகிலும் ஏறக்குறைய ஒரே கூட்டமே இருந்தது. ஆனால் அக்கூட்டம் அவருடைய மலத்தில் காணப்பட்டதினின்றும் வேறுபட்டது. 2005இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் நலமுள்ள மூவரிடம் ஆறு இடங்களில் கிள்ளியெடுத்து, மலத்தையும் சேர்த்து, 13,355 மரபுவரிசைகளைப் படித்தனர். அவற்றால் அறியப்பட்ட இனங்களில் பெரும்பாலானவை அதற்குமுன் எவரும் சோதனைத் தட்டில் வளர்த்தறியாதவை. அங்கும் சுவர் வேறு, மலம் வேறு என்றே தெரிந்தது. ஆயினும் ஆய்வுக்குட்பட்டோர் மூவரே. மலத்தை எடுத்தது சுவரைக் கிள்ளி ஒரு மாதம் கழித்து. பேதிமருந்தின் தாக்கம் நீங்கட்டும் என்று அவ்வாறு செய்தது நியாயமே. இருந்தாலும் ஒரு மாதத்தில் குடலிலும் மாற்றம் நேர்ந்திராதா என்ற கேள்வியை அது திறந்தே விட்டுவிடுகிறது. அக்கட்டுரையை எடுத்தாளும் பலர் 13,355 என்ற எண்ணைச் சொல்வர். மூவர் என்பதைச் சொல்லார்.

இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. நம் வீட்டுச் செலவிலும் வந்து சேர்கிறது. சிறு குப்பிகளில் விற்கும் நுண்ணுயிர்ப் பானங்களையும் மாத்திரைகளையும் பெற்றோர் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கின்றனர். 2018இல் இசுரேல் நாட்டு வைஸ்மன் நிறுவனத்தார் இத்தகைய நுண்ணுயிர் மாத்திரையை உட்கொண்டவரை, முன்னும் பின்னும் உள்நோக்குக் குழாயால் ஆராய்ந்தனர். சிலர் குடற்சுவரில் அந்நுண்ணுயிர்கள் குடியேறின. வேறு சிலர் சுவர் அவற்றை ஏற்கவேயில்லை. மலத்தைப் பார்த்து இவ்விரு சாராரையும் பிரித்தறிய முடியவில்லை; விழுங்கியது கீழே வந்து சேர்ந்ததை மட்டுமே அது காட்டிற்று. மலச்சோதனை ஒன்றைக் கொண்டு ‘உங்கள் பிள்ளைக்கு இன்ன நுண்ணுயிர் குறைகிறது’ என்று சொல்லிப் பொருள் விற்போருக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

குழந்தைகளைப் பற்றிய ஆராய்ச்சியில்தான் முறையும் அறமும் ஒன்றையொன்று முட்டுகின்றன. 2020இல் வெளிவந்த டாக்கா நகர ஆய்வு இத்துறையில் பெரிதும் பேசப்படுவது. முட்டையும் பாலும் சத்துப்பொடியும் கொடுத்தும் வளர்ச்சி தேறாத 110 குழந்தைகளின் சிறுகுடல் முற்பகுதியை மருத்துவர்கள் உள்நோக்கினர். 14 வகை நுண்ணுயிர்கள் அங்கே மிகுந்திருக்க மிகுந்திருக்கக் குழந்தையின் உயரம் குன்றியிருந்தது. அக்குழந்தைகளிடமிருந்து எடுத்து வளர்த்தவற்றை, நுண்ணுயிரற்றனவாக வளர்க்கப்பட்ட எலிகளுக்கு ஏற்றியபோது எலிகளின் சிறுகுடலும் கெட்டது. மதிக்கத்தக்க ஆராய்ச்சி இது. ஆனால் இரண்டைக் கவனிக்க வேண்டும். நுண்ணுயிரை எண்ணியது உறிஞ்சியெடுத்த நீரில். கிள்ளிய சுவர்த்துணுக்கு புரதங்களையும் சிதைவையும் அறியவே பயன்பட்டது. மேலும், நலமுள்ள குழந்தைகளின் சிறுகுடலோடு ஒப்பிட இயலவில்லை. அவர்களோடு ஒப்பிட்டது மலத்தைக் கொண்டுதான். நலமுள்ள குழந்தைக்கு மயக்கமருந்து கொடுத்துக் குழாயைச் செலுத்துவதை எந்த நன்னெறியும் ஏற்காது. அவர்கள் செய்யாமல் விட்டது சரியே. ஆயினும் பெரியவர்களிடம் வேலூர் செய்த ஒப்பீடு குழந்தைகளிடம் இல்லை என்ற வெற்றிடம் அதனால் நிரம்பிவிடாது. அந்த 14 வகையும் வறிய சூழலில் வளரும் எல்லாக் குழந்தைகளிடமும் ஓரளவு இருப்பனவோ என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. வேலூரின் 1972ஆம் ஆண்டுக் கட்டுரை அதைக் கேட்கவே கற்பித்தது.

நம் நாட்டு ஆராய்ச்சி ஒன்றையும் இந்நோக்கில் பார்த்தல் தகும். சாட்டைப்புழு குடற்சுவருக்குள்ளேயே தன் மெல்லிய தலைப்பகுதியைச் செருகிக்கொண்டு வாழ்வது. 2012இல் நியூயார்க் ஆராய்ச்சியாளர் சிலர், நாட்பட்ட கழிச்சலால் வருந்திய ரீசஸ் குரங்குகளுக்கு அப்புழுவின் முட்டைகளைக் கொடுத்து, முன்னும் பின்னும் குடற்சுவரைக் கிள்ளிப் பார்த்து, அங்குள்ள நுண்ணுயிர்க் கூட்டம் மாறியதைக் கண்டனர். 2014இல் அவர்களும் மலாயாப் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து நம் பூர்வகுடி மக்களிடையே ஆராய்ந்தபோது, புழு உள்ளோரிடம் நுண்ணுயிர் வகைகள் மிகுதி என்று கண்டனர். இங்கு எடுத்தது மலம். குரங்கிடம் சுவரையும் மனிதரிடம் மலத்தையும் பார்த்த இரு முடிவுகளை ஒரே வரியில் சேர்த்து, ‘புழு குடலுக்கு நன்மை’ என்று தமிழில் தலைப்பிட்டு எழுதுவது பெரும் பிழை. புழுமருந்து கொடுக்கும் நாளில் பெற்றோர் ஒருவர் அத்தகைய கட்டுரையைக் கையில் கொண்டுவந்து மறுத்தால், ஆசிரியர் என்ன சொல்வது? வகை மிகுதி வேறு, உடல்நலம் வேறு. குருதியையும் சத்தையும் இழக்கும் பிள்ளைக்குப் புழு நீங்கத்தான் வேண்டும் என்று சொல்வேன்.

சொல்லாட்சி பற்றியும் சிறிது கூற வேண்டும். தமிழ்ப்பள்ளிப் பாடநூலில் நுண்ணுயிர் என்ற நல்ல சொல் நிலைபெற்றுவிட்டது; கிருமி என்றால் தீயதென்றே பொருள்படும் தொல்லை அதனால் நீங்கிற்று. ஆனால் ‘குடல் நுண்ணுயிர்’ என்ற தொடர் இடத்தை மறைக்கிறது. உள்வெளி நுண்ணுயிர், சுவர்வாழ் நுண்ணுயிர், மலத்து நுண்ணுயிர் என்று பிரித்து எழுதினால் பாதிக் குழப்பம் தீரும். ‘சுவரொட்டி’ என்று சுருக்கலாமே என்றார் நண்பர் ஒருவர். அது விளம்பரத் தாளுக்கும் ஆட்டின் மண்ணீரலுக்கும் முன்பே உரியதாகிவிட்டது. துணுக்கை வெட்டியெடுப்பதைத் ‘திசு ஆய்வு’ என்பதும் பொருத்தமன்று. ஆய்வு பின்னர் நடப்பது. முதலில் நடப்பது எடுப்பு. எடுப்பதற்கு ஒரு பெயர் இல்லாத மொழியில், எவ்வாறு எடுத்தார்கள் என்று கேட்கவும் தோன்றாது. ‘திசுக் கிள்ளல்’ என்று நான் வகுப்பில் சொல்லிவருகிறேன். மாணவர்க்கு உடனே விளங்குகிறது.

புதிய கருவிகள் வந்தவண்ணம் இருக்கின்றன. 2023இல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து வெளிவந்த ஆய்வில், நலமுள்ள பெரியவர் 15 பேர் குழாயோ கம்பியோ இணைக்கப்படாத சிறு உறைகளை விழுங்கினர். குடலின் புளிப்புத்தன்மை மாறும் இடங்களுக்கேற்ப ஒவ்வோர் உறையும் வெவ்வேறு இடத்தில் திறந்து, குடல்நீரை உறிஞ்சி மூடிக்கொண்டு, மலத்தோடு வெளிவந்தது. பேதிமருந்து இல்லை, மயக்கமருந்து இல்லை, இயல்பாக உண்டு உலவும் மனிதரின் சிறுகுடல் நீர் கைக்குக் கிடைத்தது. கிராஸ்பியின் உறையை விழுங்கிப் பல மணி நேரம் காத்துக்கிடந்தோர் இதைக் கண்டால் வியப்பர். எனினும் அவ்வுறை உறிஞ்சுவது உள்வெளி நீரையே. சுவரில் வாழ்வதை அறிய இன்றும் இடுக்கியோ தூரிகையோ சுவரைத் தொட்டாக வேண்டும்.